ஊர் பல, கோப்பு ஒன்று: இணையவழித் தொகுப்பும் பக்க அமைப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூல், சஞ்சிகை, பாடசாலை மலர், நினைவு மலர் ஆகியவற்றைத் தொகுத்துப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில். ஆனால் கைக்கு வரும் வேலையில் எழுதுபவர் ரொறன்ரோவில் இருப்பார், ஒப்புநோக்குபவர் யாழ்ப்பாணத்தில் இருப்பார், படங்கள் லண்டனில் இருக்கும், அச்சகம் கொட்டாஞ்சேனையில் இருக்கும். ஆட்கள் மாறினாலும் அவர்கள் கேட்பவை மாறுவதில்லை. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைக் கீழே தருகிறேன். எளியவை முன்னே, சிக்கலானவை பின்னே.

1. பல ஊர்களில் இருந்து ஒரே கோப்பில் வேலை செய்யலாம் என்கிறார்களே, அதற்கு என்னென்ன வேண்டும்?

உலாவி, மின்னஞ்சல் கணக்கு, இணைய இணைப்பு. வேறெதுவும் வேண்டாம். கூகுள் டொக்ஸ் ஆகட்டும், வேர்டின் இணையப் பதிப்பு ஆகட்டும், கோப்பு உங்கள் கணினியில் இருப்பதில்லை. அது சேவையகத்தில் இருக்கிறது. எல்லோரும் அந்த ஒன்றையே திறந்து பார்க்கிறார்கள். ரைட்லி என்ற இணையச் செயலியை 2006இல் கூகுள் வாங்கியதில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய டொக்ஸ். புதுமை என்று பயப்பட எதுவும் இல்லை.

2. வேர்ட் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பித் திருத்தி வாங்குவதுதானே இத்தனை வருட வழக்கம்? அதில் என்ன குறை?

ஒருவர் எழுதி ஒருவர் திருத்தும்வரை குறையே இல்லை. மூன்றாமவர் வந்ததும் தொல்லை தொடங்கும். முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். வரலாற்றுக் குறிப்பை மூத்த மகன் எழுதி, சகோதரர்கள் இருவருக்கும் அனுப்புகிறார். ஒருவர் தாத்தாவின் பெயரைத் திருத்துகிறார். மற்றவர் ஓய்வுபெற்ற ஆண்டைத் திருத்துகிறார். இரண்டும் தனித்தனிப் பிரதிகள். பெயர் சரியான கோப்பில் ஆண்டு பிழை, ஆண்டு சரியான கோப்பில் பெயர் பிழை. அச்சகத்துக்குப் போவது இரண்டில் ஒன்று.

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: பிரதிக்கு ஒரே இருப்பிடம் இருக்க வேண்டும். திருத்தம் எந்த ஊரில் இருந்து வந்தாலும், தொலைபேசியில் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் வந்தாலும், அந்த இருப்பிடத்துக்குள் ஏறிய பிறகுதான் அது திருத்தம். அதுவரை அது வெறும் செய்தி.

3. இரண்டு பேர் ஒரே வரியில் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தால் யாருடையது நிற்கும்?

இருவருடையதும் நிற்கும். ஒவ்வொருவர் செய்யும் சேர்ப்பையும் நீக்கத்தையும் சேவையகம் சிறு சிறு செயல்களாக வாங்கி, மற்றவர் செய்த மாற்றத்துக்கு ஏற்ப இடத்தைத் தள்ளிப் பொருத்துகிறது. கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் ஆகிய இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து வளர்ந்த முறை இது.

ஆனால் இயந்திரம் எழுத்தைத்தான் பொருத்தும், கருத்தை அல்ல. ‘1948’ என்பதை இருவர் ஒரே கணத்தில் ‘1949’ ஆக்க முயன்றால், 8 ஒரு முறைதான் அழியும், 9 இரு முறை ஏறும். திரையில் ‘19499’ நிற்கும். ஆகவே இயல் இயலாகவோ பத்தி பத்தியாகவோ ஆட்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.

4. எத்தனை பேர் வரை சேரலாம்?

கூகுள் டொக்ஸில் ஒரே நேரத்தில் 100 சாதனங்கள் வரை திறந்து திருத்தலாம். ஒரு கோப்பில் 10 லட்சத்து 20 ஆயிரம் எழுத்துக்குறிகள் வரை கொள்ளும். எந்த மலருக்கும் இது போதும். திருத்தும் உரிமை ஐந்து பேருக்கு மேல் போவதை நான் விரும்புவதில்லை.

5. அண்ணா, நான் எழுதிய ஒரு பந்தியே காணாமல் போய்விட்டது. யார் அழித்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பதிப்பு வரலாறு என்ற பகுதியைத் திறந்தால் எந்த நேரத்தில் யார் எதை மாற்றினார் என்பது நிற வேறுபாட்டுடன் தெரியும். அந்த நாளுக்கே கோப்பைத் திருப்பலாம். பழைய பதிப்பில் இருந்து உங்கள் பந்தியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வருவது அதைவிட நல்லது. இல்லாவிட்டால் அதற்குப் பின்னர் மற்றவர்கள் செய்த வேலை எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

வராமல் தடுப்பதற்கு உரிமைகளைப் பிரித்துக் கொடுங்கள். குடும்பத்தாருக்குக் கருத்துரைக்கும் உரிமை, ஒப்புநோக்குபவருக்குப் பரிந்துரைக்கும் முறை, தொகுப்பாளருக்கு மட்டும் முழு உரிமை. பரிந்துரை முறையில் செய்த மாற்றம் வண்ணத்தில் தனித்து நிற்கும். தொகுப்பாளர் ஏற்ற பிறகே அது பிரதியில் கலக்கும். ‘இணைப்பு கிடைத்த எவரும் திருத்தலாம்’ என்று திறந்துவிட்டு அந்த இணைப்பைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். அது எங்கெல்லாம் போகும் என்று எவருக்கும் தெரியாது.

6. தம்பி, என்னிடம் இருக்கிற கட்டுரைகள் எல்லாம் பாமினியில் அடித்தவை. ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறதே, ஏன்?

ஏனென்றால் அவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல் பாமினிக் கோப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளாக இருக்கிறது. பாமினி எழுத்துரு அந்தக் குறிகளுக்குத் தமிழ் வடிவம் வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். இலங்கையில் எத்தனையோ ஆண்டுக் கால நூல்களும் சஞ்சிகைகளும் இந்த வடிவில்தான் கணினிகளில் கிடக்கின்றன.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரம் யுனிகோடு. அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது. அங்கே ‘த’ எந்தக் கணினியிலும் ‘த’ தான். இணையத்தில் பலர் சேர்ந்து வேலை செய்வதென்றால் யுனிகோடு அல்லாமல் வழி இல்லை. ஆகவே முதல் வேலை மாற்றுவது. பாமினியில் இருந்து யுனிகோடுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு.

7. மாற்றியில் போட்டேன். தமிழ் வந்துவிட்டது, ஆனால் ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் சிதைந்துவிட்டன.

முன்னைய பதிலில் சொன்னதன் விளைவுதான் இது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே குறிகள் என்பதால், எது எந்த மொழி என்று மாற்றிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தமிழ் என்று எடுத்துக்கொள்ளும். நிறுத்தக்குறிகளும் தப்பாது. ‘இலங்கை’ பாமினியில் காற்புள்ளியில்தான் தொடங்குகிறது. ஆங்கில முகவரியில் இருக்கும் ஒவ்வொரு காற்புள்ளியும் ‘இ’ ஆகிவிடும்.

மொத்தக் கோப்பையும் மாற்றிக்குள் கொட்டாமல், வேர்டில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். பாமினியில் அமைந்த பகுதிகளை மட்டும் அது தெரிவு செய்து தரும். அவற்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு முறை வரிக்கு வரி ஒப்புநோக்குங்கள். இதைத் தவிர்க்க முடியாது. மாற்றியை நம்பி நேராக அச்சுக்குப் போன மலர்களை நான் பார்த்திருக்கிறேன். படிக்கவே மனம் வராது.

8. எந்த விசைப்பலகையில் தட்டச்சு செய்ய வேண்டும்? எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. இலங்கையின் தரமான ரெங்கநாதன், தமிழ்நாட்டில் 1999இல் வந்த தமிழ்99, ஒலிவழி, கைபேசியின் விசைப்பலகை என்று எதில் செய்தாலும் விளைவது யுனிகோடுதான். கைபழகியதில் அடியுங்கள். யுனிகோடா என்பதை மட்டும் பாருங்கள்.

9. கோப்பில் ‘கௌரி’ என்று தேடினால் பாதி இடங்களில்தான் அகப்படுகிறது. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கின்றன?

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒருவர் ‘க’வுடன் ஔகாரக் குறியைச் சேர்த்திருப்பார். அதுதான் சரி. இன்னொருவர் ‘கெ’ அடித்து, அடுத்து ‘ள’ அடித்திருப்பார். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். பல கைகள் படும் கோப்பில் இது கட்டாயம் வரும். ‘ஔவையார்’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடிப்பதும் இதே பிழைதான். தேடல், பொருளடைவு, பெயர் அகராதி எல்லாம் இதனால் குழம்பும்.

உடனே ‘வெள’ இருக்கும் இடமெல்லாம் ‘வௌ’ ஆக்கிவிடலாம் என்று மொத்தமாக மாற்றப் போகாதீர்கள். ‘வெள்ளவத்தை’ உடையும், ‘வெளியீடு’ உடையும். உயிர்மெய்யின் மேல் புள்ளியும் கொக்கியும் ஏறி, எழுத்தில்லாத புள்ளி வட்டத்தில் தொங்கும். ‘கௌ’, ‘சௌ’, ‘பௌ’, ‘மௌ’ என்பவற்றின் பொய் வடிவங்களை ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வொரு இடத்திலும் பார்த்து மாற்றுங்கள். கௌரி, சௌந்தரராஜன், பௌர்ணமி, மௌனம்: ஒரு மலரில் வரக்கூடியவை இவை போன்ற சில சொற்கள்தான்.

ஒகர, ஓகாரக் குறிகளையும் கணினி இரு விதமாகச் சேமிக்கக்கூடும். முழுக் குறியாக ஒன்று, கொம்பும் காலும் தனித்தனியாக மற்றொன்று. யுனிகோடு இவை இரண்டையும் சமம் என்றே வரையறுத்திருக்கிறது. நல்ல செயலிகள் இரண்டையும் ஒன்றாகத் தேடித் தரும். ஆனால் ‘கெள’வுக்கு அந்தச் சலுகை இல்லை. அது எழுத்துப்பிழையேதான்.

10. நான் பார்க்கும் எழுத்து ஒரு மாதிரி, அங்கே தங்கை பார்ப்பது வேறு மாதிரி. ஏன்?

கோப்பில் குறித்த எழுத்துரு அவருடைய சாதனத்தில் இல்லாவிட்டால், அது தன்னிடம் உள்ள ஒன்றைப் போட்டுக் காட்டும். பழைய விண்டோஸில் லதா, புதியவற்றில் நிர்மலா, அண்ட்ரொய்ட் கைபேசியில் நோட்டோ. ஒவ்வொன்றின் அகலமும் வேறு. அதனால் வரிகளும் பக்கங்களும் இடம் மாறும். கூகுளின் இலவச எழுத்துருக்களில் இருந்து ஒன்றைத் தெரிவு செய்து எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள். உடற்பகுதிக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்குக் கட்டமரன் அல்லது முக்த மலர் என்பது என் தெரிவு.

11. ரொறன்ரோவில் 40 பக்கம் வந்தது, கொழும்பில் திறந்தால் 39 பக்கம். மிச்சப் பக்கம் எங்கே போயிற்று?

எழுத்து எதுவும் போகவில்லை. கனடாவில் லெட்டர் தாள் வழக்கம்: 216 மில்லிமீற்றர் அகலம், 279 உயரம். இங்கே ஏ4: 210 அகலம், 297 உயரம். அங்கே வேர்டில் திறந்த புதிய கோப்பு லெட்டர் அளவிலேயே பிறந்திருக்கும். யாராவது அதை ஏ4 ஆக மாற்றியதும் ஒவ்வொரு பக்கத்திலும் சில வரிகள் கூடுதலாகக் கொள்ளும். எழுத்துரு வேறுபாடும் சேர்ந்தால் கணக்கு இன்னும் விலகும்.

முதல் நாளே தாளின் அளவைத் தீர்மானித்துவிடுங்கள். ‘17ஆம் பக்கத்தில் மூன்றாவது வரி’ என்று திருத்தம் சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். அந்த 17ஆம் பக்கம் மற்றவருக்கு 16 ஆக இருக்கலாம். சொல்லைத் தெரிவு செய்து அதன் மேலேயே கருத்துரை இடுங்கள்.

12. பக்க அமைப்பை எப்போது தொடங்கலாம்? எழுத எழுதவே அழகுபடுத்திக்கொண்டு போகலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். எழுதும் காலத்தில் தலைப்பு, உபதலைப்பு, உடற்பகுதி, மேற்கோள் ஆகியவற்றைச் செயலியின் பாணிகளால் (ஸ்டைல்) மட்டும் குறியுங்கள். இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவருவது, வெற்று வரிகள் விட்டு அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவது இரண்டும் பக்கம் அமைப்பவருக்கு இரட்டை வேலை. அவற்றை அழிக்கவே அரை நாள் போகும்.

பிரதிக்கு ஒரு பூட்டும் நாள் வையுங்கள். அந்த நாளில் பதிப்புக்குப் பெயர் சூட்டி, எல்லோருடைய திருத்தும் உரிமையையும் கருத்துரைக்கும் உரிமையாகக் குறைத்துவிட்டுப் பக்க அமைப்புக்கு அனுப்புங்கள். பூட்டுவதற்கு முன் பெயர்கள், ஆண்டுகள், உறவுமுறைகள், வெளியீட்டு விவரப் பக்கம் ஆகியவற்றைத் தனியாக ஒருவர் பார்க்க வேண்டும். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்கும் சர்வதேச தராதர நூல் இலக்கம் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். அதைக் கையால் அடிக்காமல் வந்த கடிதத்தில் இருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

13. கூகுள் டொக்ஸில் இருந்தே பி.டி.எஃப். எடுத்து அச்சகத்துக்குக் கொடுத்தால் என்ன?

எட்டுப் பக்கக் கறுப்பு வெள்ளை மடிப்புக்குக் கொடுக்கலாம். நூலுக்கு ஆகாது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எதிரெதிர் ஓரம் விடுவது, அச்சுக்குரிய நால்வண்ணப் பிரிப்பு, வெட்டுக்காகச் சுற்றிவர விடும் 3 மில்லிமீற்றர் மிகை ஆகியவை அங்கே இல்லை. பிரதிக்கு டொக்ஸ், பக்கத்துக்கு இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்ற பக்க அமைப்பு மென்பொருள் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

14. இன்டிசைனில் ஒட்டியதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கிறதே?

தமிழில் ‘கெ’ என்பதைக் கணினி ‘க’ முதலில், கொம்பு பிறகு என்று சேமிக்கிறது. வரையும்போது கொம்பை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இன்டிசைனின் வழக்கமான வரியமைப்பி அதைச் செய்வதில்லை. பத்திப் பட்டியலில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்று தொடங்கும் வரியமைப்பியைத் தெரிவு செய்யுங்கள். அதையும் பத்திக்குப் பத்தி செய்யாமல் பத்திப் பாணிக்குள் வைத்துவிட்டால் முழு நூலும் ஒரேயடியாகச் சரியாகும். இலவசமான ஸ்கிரைபஸில் 1.5.3ஆம் பதிப்பில் இருந்து இந்தியக் குடும்ப எழுத்துகள் ஒழுங்காக அமைகின்றன.

பழைய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யுனிகோடே தெரியாது. அதில் வேலை செய்யும் அச்சகம் உங்கள் பிரதியை மீண்டும் பாமினியாக்கும். அப்போது பிரதிக்கு இரண்டு இருப்பிடங்கள் உருவாகிவிடும். 2ஆம் கேள்வியில் சொன்ன அதே தொல்லை. முடிந்தால் பக்க அமைப்பை நீங்களே முடித்து, எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள்.

15. ஆய்வேடு எழுதுகிறேன். மேற்பார்வையாளர் ஓவர்லீஃபில் எழுதச் சொல்கிறார். லாடெக் தமிழுக்கு ஆகுமா?

நன்றாகவே ஆகும், சரியான பொறியைத் தெரிவு செய்தால். டொனால்ட் க்னூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியின் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியதுதான் லாடெக். அதை உலாவியில் பலர் சேர்ந்து எழுத வழிசெய்வது ஓவர்லீஃப். 2012இல் தொடங்கியது, 2017இல் ஷெயர்லாடெக்குடன் இணைந்தது. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் அச்சு வடிவம். அடிக்குறிப்பு, உசாத்துணை, சமன்பாடு, அட்டவணை இலக்கம் எல்லாம் தானாகவே எண் பெறும். மேற்பார்வையாளர் எங்கிருந்தாலும் அதே மூலத்தில் கருத்துரை இடலாம்.

தமிழ் எழுதும்போது இதைக் கவனியுங்கள்: திட்டத்தின் அமைப்பில் தொகுப்பியை, அதாவது மூலத்தைப் பக்கமாக்கும் கம்பைலரை, சீலாடெக் என்று மாற்றுங்கள். ஜொனதன் கியூ 2004இல் கொண்டுவந்த சீடெக் பொறி யுனிகோடையும் சாதாரண எழுத்துருக் கோப்புகளையும் நேரடியாக வாங்கிக்கொள்ளும். இயல்பாக நிற்கும் பி.டி.எஃப். லாடெக்கில் தமிழ் பிழைச் செய்திகளாகத்தான் வரும். லுவாலாடெக்கும் சரிதான், ஆனால் எழுத்துருவை அழைக்கும்போது ஹார்ஃப்பஸ் முறையில் வரையச் சொல்ல வேண்டும். மறந்தால் 14ஆம் கேள்வியின் கொம்புத் தொல்லை இங்கும் வரும்.

எழுத்துருக் கோப்பைத் திட்டத்துக்குள்ளேயே பதிவேற்றி, கோப்புப் பெயரால் அழையுங்கள். பிறகு எந்த ஊரில் தொகுத்தாலும் ஒரே பக்கம், ஒரே வரி. 10ஆம், 11ஆம் கேள்விகளின் தலையிடி இங்கே இல்லவே இல்லை. இலவசக் கணக்கில் சேர்க்கக்கூடிய ஆட்களுக்கும் தொகுக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. இயல்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்து, எழுதும் இயலை மட்டும் தொகுத்தால் சமாளிக்கலாம்.

16. டைப்ஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறதாமே?

லாடெக் போன்ற புதிய அச்சுக்கோப்பு முறை அது. 2023இல் பொதுப் பாவனைக்கு வந்தது. லாடெக்கைவிடக் கட்டளைகள் எளியவை, அடிக்க அடிக்கவே பக்கம் புதுப்பிக்கப்படும், உலாவியில் பலர் சேர்ந்தும் எழுதலாம். புதிதாகத் தொடங்குபவருக்குத் தயங்காமல் சொல்வேன். பல்கலைக்கழகமோ ஆய்விதழோ லாடெக் வார்ப்புருவைக் கேட்டால் அதையே பின்பற்றுங்கள்.

17. இருபுறமும் நேராக்கினால் சொற்களுக்கிடையே பெரிய பள்ளங்கள் விழுகின்றன. எழுத்துகளை இழுத்து நிரப்பலாமா?

இழுக்காதீர்கள். எழுத்திடைவெளியைக் கூட்டினால் காலும் கொம்பும் தம் எழுத்தை விட்டு விலகி நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்ற ஒரே சொல் ஒடுங்கிய நிரலில் முழு வரியையும் பிடிக்கும். ஆகவே பக்கத்தில் இரட்டை நிரல் வேண்டாம், அல்லது இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள்.

ஒற்றை நிரலில் இருபுறமும் நேராக்குவதென்றால் சொற்களை வரியிறுதியில் பிரிக்க அனுமதியுங்கள். லாடெக்கில் தமிழுக்குரிய பிரிப்பு விதிகள் இருக்கின்றன. சந்தோஷ் தோட்டிங்கல் ஆக்கியவை அவை. மொழியைத் தமிழ் என்று குறித்தால் வேலை செய்யும். ஆட்பெயர்களை மட்டும் பிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நினைவு மலரில் அது கண்ணை உறுத்தும்.

18. சொல்லடைவைக் கணினியால் வரிசைப்படுத்தினேன். ‘ன’ ‘ப’வுக்கு முன்னும், ‘ஜ’ ‘ஞ’வுக்கு முன்னும் வந்து நிற்கின்றன.

கணினி யுனிகோடின் இட வரிசையில் அடுக்கியிருக்கிறது. அந்த அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’, ‘ச’வுக்கு அடுத்து ‘ஜ’ என்று இருக்கிறது. புள்ளியும் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் ‘க்’ எல்லாம் ‘கௌ’வுக்குப் பிறகு போய்விடும். நம் அகராதி வரிசையில் ‘க்’ முதலில், பிறகு ‘க’. ழ, ள, ற, ன நான்கும் மெய்வரிசையின் கடைசியில், கிரந்தம் அதற்கும் பிறகு.

வெறும் குறிவரிசையில் அடுக்கும் கருவியை விட்டு, மொழியைக் கேட்கும் கருவிக்குப் போங்கள். லிப்ரே ஒஃபிஸில் வரிசைப்படுத்தும் பெட்டியிலேயே மொழியைத் தெரிவு செய்யலாம். அடுக்கிய பிறகும் ஒரு முறை கண்ணால் ஓட்டுங்கள். 9ஆம் கேள்வியின் பொய் ‘கௌ’ எங்காவது ஒளிந்திருந்தால் இங்கேதான் வெளிப்படும்.

19. சென்னையில் உள்ள ஒப்புநோக்குநர் எங்கள் வழக்குகளை எல்லாம் ‘திருத்தி’விடுகிறார். வைத்தியசாலை மருத்துவமனை ஆகிவிட்டது!

அவர் மேல் பிழை இல்லை. எது உங்கள் வழக்கு என்று நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. வேலை தொடங்கும் முன் ஒரு பக்க நடைக்குறிப்பு தயாரித்து, அதே பகிர்வுக் கோப்புறையில் வையுங்கள். பாடசாலை, வைத்தியசாலை, சஞ்சிகை, பந்தி, கதைத்தல் ஆகியவற்றை மாற்ற வேண்டாம், ஊர்ப்பெயர்களை எப்படி எழுதுவது, ஆண்டுக்கு எண்ணா எழுத்தா, வல்லெழுத்து மிகும் இடங்களில் எவ்வளவு கண்டிப்பு என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஈழத்து எழுத்தாளர் ஒருவரின் கதையில் அவருடைய ஊரின் சொல் அழிந்துபோவது எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று.

20. கோப்பில் சிங்களமும் இருக்கிறது. சுத்தப்படுத்தும் கருவியில் போட்டதும் சிங்கள எழுத்துகள் பிரிந்துவிட்டனவே?

சிங்களத்தில் ‘ஸ்ரீ’ போன்ற கூட்டெழுத்துகள் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறியால் ஒட்டியிருக்கின்றன. தேவையற்ற குறிகளை நீக்கும் கருவி அதையும் சேர்த்து நீக்கிவிடும். மும்மொழிக் கோப்பில் தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவு செய்து சுத்தப்படுத்துங்கள். சிங்களத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கடைசிப் பிரதியைப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

21. மின்வெட்டு வந்தால்? இணைப்பு போனால் எழுதியது போய்விடுமா?

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களிலும் இங்கே மலர்கள் வெளிவந்தன. டொக்ஸில் இணைப்பற்ற முறையை முன்கூட்டியே, இணைப்பு இருக்கும்போதே இயக்கிவைக்க வேண்டும். பிறகு இணைப்பு இல்லாமல் எழுதியது, இணைப்பு வந்ததும் ஏறும். ஆனால் அந்த இடைவெளியில் மற்றவர் அதே பந்தியைத் திருத்தியிருந்தால் 3ஆம் கேள்வியின் ‘19499’ பெரிய அளவில் நடக்கும். இருட்டில் எழுதும்போது உங்களுக்கு ஒதுக்கிய பகுதியை விட்டு வெளியே போகாதீர்கள்.

22. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அச்சகத்தில் தெளிவில்லை என்கிறார்கள்.

படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது பகிர்வுக் கோப்புறையில் ஏற்றுங்கள். ஏ5 மலரில் முழுப் பக்கப் படத்துக்கு ஏறத்தாழ 1750க்கு 2480 படப்புள்ளிகள் வேண்டும். பழைய படத்தைக் கைபேசியால் படம் பிடிக்காமல் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேனரால் வருடி எடுங்கள்.

23. ரொறன்ரோவில் உள்ளவர்களுடன் எந்த நேரத்தில் சேர்ந்து பார்ப்பது?

கொழும்பில் இரவு 7 மணி என்றால் அங்கே கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. லண்டனில் பிற்பகல் 2.30 அல்லது 1.30. மூன்று ஊருக்கும் ஒத்துவருவது இந்த நேரம்தான். எல்லாவற்றையும் சேர்ந்து பார்க்க வேண்டியதில்லை. பூட்டும் நாளில் மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் கோப்பைத் திறந்து வைத்திருந்து, மிச்சமுள்ள கருத்துரைகளை வாய்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

24. பழைய மலரின் பி.டி.எஃப். மட்டும்தான் இருக்கிறது. அதில் இருந்து நகலெடுத்தால் எழுத்துகள் இடம்மாறி வருகின்றன.

பி.டி.எஃப். சொல்லைச் சேமிப்பதைவிட வரைந்த வடிவங்களையே சேமிக்கிறது. கொம்பு முன்னால் வரைந்திருந்தால் நகலிலும் முன்னால் வரலாம். பாமினியில் ஆனது என்றால் குறிகள்தான் வரும், அதை 7ஆம் பதிலின்படி மாற்றலாம். யுனிகோடில் ஆனது குழம்பியிருந்தால், பக்கத்தைப் படமாக்கிக் கூகுள் டிரைவில் ஏற்றி டொக்ஸில் திறந்து பாருங்கள். படத்தில் உள்ள தமிழைப் படித்து எழுத்தாக்கித் தரும். ஒப்புநோக்கல் கட்டாயம். இனிமேல் செய்யும் மலர்களுக்குப் பி.டி.எஃப். உடன் மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

25. அச்சகத்துக்குக் கொடுத்த பிறகு ஒரு பெயர் பிழை கண்டோம். பக்கம் அமைத்தவரிடம் மட்டும் சொன்னால் போதாதா?

போதாது. முதலில் பூட்டிய பிரதியில் திருத்துங்கள், பிறகு பக்க அமைப்பில். முன்னதை விட்டுவிட்டால் அடுத்த பதிப்பில் அதே பிழை திரும்பி வரும். திருத்திய பக்கத்தை மட்டும் தனிப் பி.டி.எஃப். ஆக, பக்க இலக்கமும் தேதியும் நேரமும் கோப்பின் பெயரிலேயே வரும்படி அனுப்புங்கள். ‘இறுதி’, ‘மெய்யான இறுதி’ என்ற பெயர்கள் வேண்டாம்.

ஒரு பெயர் நீண்டு வரி கூடினால் அடுத்த பக்கங்களும் நகரும். நடுவில் தைக்கும் மலரில் பக்கங்கள் நான்கின் மடங்காகவே இருக்க வேண்டும் என்பதால், ஒரு பக்கம் கூடினால் மூன்று வெற்றுப் பக்கங்களும் கூடும். அதனால் அந்தப் பத்திக்குள்ளேயே ஒரு சொல்லைச் சுருக்கி வரியை மீட்டுக்கொள்ளப் பாருங்கள். அச்சுத் தட்டு எடுக்கும் முன் கொழும்பில் உள்ள ஒருவர் அச்சகத்துக்கு நேரில் போய், பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக் கையொப்பமிட்டு வரட்டும்.